லைன் காலியாக இருக்கட்டும்

பிரிஸ்டல்
14 அக்டோபர் 2008

அன்புள்ள மிஸஸ் யெல்லண்ட்,

நேற்று உங்கள் டில்காம் கிராமத்து போன் பூத்தைச் சோதிக்க வந்தவன் நான். என் மஞ்சள் மீட்டரை உங்கள் சமையலறை மேசையில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். கேக் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். கம்பெனி சாமான், தபாலில் அனுப்பிவையுங்கள். போன் செய்து பார்த்தேன். மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. ஆடுகளோடு இருப்பீர்கள்.

எழுதுவதுதான் எழுதுகிறேன், முடிவையும் சொல்லிவிடுகிறேன். பூத்தை எடுத்துவிடச் சொல்லிப் பரிந்துரைக்கப் போகிறேன். அதில் யாரும் பேசுவதே இல்லை. ஆனால் கண்ணாடி பளபளவென்று இருக்கிறது, உள்ளே ஆணி அடித்துப் பூச்சாடி தொங்குகிறது. பயன்படுத்தாத ஒன்றை ஏன் இப்படித் துடைத்து வைக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. அது என் வேலையும் இல்லை.

உங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாரிடமும் நேராகவே கேட்டேன். "எடுத்துட்டா யாருக்காவது கஷ்டமா?" "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, எங்களுக்காக நீங்க சிரமப்படாதீங்க" என்றீர்கள். ஆகவே ஆட்சேபணை இல்லை என்று எழுதுகிறேன். யாராவது மனம் மாறினால் எழுதிப் போடலாம். நோட்டீஸ் பூத்துக்குள் ஒட்டியிருக்கிறது.

அந்த அதிகம் பேசுகிற அம்மாவிடம், டோரீன் என்று நினைக்கிறேன், கேக்குக்கு நன்றி சொல்லுங்கள். நான் கிளம்பும்போது ஏதோ சொல்லிக்கொண்டே வாசல்வரை வந்தார். இருட்டுவதற்குள் மெயின் ரோட்டைப் பிடிக்க வேண்டியிருந்தது. உங்கள் ஊர்ச் சந்தில் வேன் ஓட்டுவது பெரிய தலைவலி. எதிரே ஒரு டிராக்டர் வந்தது. அதற்கு வழிவிட நான் பின்னால் போனேன். எனக்கு வழிவிட அவரும் பின்னால் போனார். இப்படியே இருவரும் இரண்டு முனையில் போய் நின்றோம். பாதி நேரம் அதிலேயே போயிற்று.

இப்படிக்கு,
டேரன் விக்ஸ்


டில்காம்
19 அக்டோபர் 2008

அன்புள்ள மிஸ்டர் விக்ஸ்,

உங்கள் மீட்டரை பிஸ்கட் டப்பாவில் வைத்துப் பஞ்சு சுற்றி அனுப்பியிருக்கிறேன். மேலே இருப்பது டோரீன் டார் கொடுத்த எலுமிச்சை கேக். "அந்தப் பையன் அவசரத்துல பாதித் துண்ட வச்சிட்டுப் போயிட்டான், மீதிய அவன்கிட்ட சேத்துடு ஜேனட், இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது" என்றாள். பாதித் துண்டு என்று சொல்லிவிட்டு முழுக் கேக்கையே கொடுத்திருக்கிறாள். அவள் அப்படித்தான். அந்த டிராக்டர்க்காரர் அவளுடைய கணவர் ரெஜ். நீங்கள் பின்னால் போனதில் அவருக்கு உங்கள்மீது நல்ல அபிப்பிராயம்.

பூத் விஷயம். ஊர்க்குழுச் செயலாளர் என்ற முறையில் நான் ஏதாவது எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். உங்களை எந்த வகையிலும் சங்கடப்படுத்த எங்களுக்கு விருப்பமில்லை. அது இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் உங்கள் கம்பெனிக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும். எது சரியென்று நீங்கள் அறிவீர்கள். நாங்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வோம்.

இங்கே மழை. உங்கள் பக்கம் எப்படியோ.

அன்புடன்,
ஜேனட் யெல்லண்ட்


பிரிஸ்டல்
12 டிசம்பர் 2008

அன்புள்ள மிஸஸ் யெல்லண்ட்,

பூத்தை எடுத்தாகிவிட்டது. போன ஆட்கள் சொன்னார்கள், நீங்கள் எல்லாரும் வந்து டீ கொடுத்தீர்களாம். லாரி திரும்புவதற்கு ஒரு பெரியவர் வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். பூத் நின்ற கான்கிரீட் பலகை மட்டும் அப்படியே இருக்கிறது, வெயில் காலத்தில் வந்து பெயர்ப்பார்கள். உங்கள் கடிதத்தை ஆட்சேபணை இல்லை என்ற கணக்கில் சேர்த்தேன்.

கேக் நன்றாக இருந்தது.

டேரன் விக்ஸ்


டில்காம்
26 பிப்ரவரி 2009

அன்புள்ள மிஸ்டர் விக்ஸ்,

கான்கிரீட் பலகையை வெயில் காலத்தில் எடுப்பதாக எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் முன்னதாக எடுக்க முடியுமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன். முடியாவிட்டால் பரவாயில்லை.

காரணம் இதுதான். இந்த மாதத் தொடக்கத்தில் பெய்த பனியில் குன்றின்மேல் இருந்த கம்பங்கள் சாய்ந்துவிட்டன. மின்சாரமும் இல்லை, வீட்டு போன்களும் இல்லை. எங்கள் பள்ளத்தில் செல்போன் எடுக்காது என்பது உங்களுக்குத் தெரியும். மறுநாள் மதியம் டோரீன் அடுப்பருகே பேசிக்கொண்டே இருந்தவள் ஒரு வார்த்தையின் நடுவே நின்றுவிட்டாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பக்கவாதம். ரெஜ் ஓடினார். இடுப்பளவு பனியில் எங்கே ஓடினார் என்றால், பூத் இருந்த இடத்துக்கு. போய் நின்ற பிறகுதான் அது இல்லை என்பது ஞாபகம் வந்ததாம்.

பிறகு டிராக்டரை எடுத்து, குன்று ஏறி, மெயின் ரோட்டுப் பண்ணைவரை போய்ப் போன் செய்தார். ஹெலிகாப்டர் வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. டோரீன் பிழைத்துவிட்டாள். பேச்சு போய்விட்டது. வலது கையும் வலது காலும் வரவில்லை. சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பேச்சு மிஞ்சியிருக்கலாம் என்றார் டாக்டர். சொன்னதற்காக ரெஜ்ஜிடம் மன்னிப்பும் கேட்டார்.

நான் யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. ரெஜ் தினமும் அந்தப் பலகைமேல் போய் நிற்கிறார். பார்க்க முடியவில்லை. அதனால்தான்.

ஜேனட் யெல்லண்ட்


பிரிஸ்டல்
2 மார்ச் 2009

மிஸஸ் யெல்லண்ட்,

நடந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் "குறை சொல்லவில்லை" என்று எழுதி ஒருவனைக் குத்துவதைவிட நேராகத் திட்டியிருக்கலாம்.

உங்களிடம் சில கேள்விகள். மேசையைச் சுற்றி ஆறேழு பேர் இருந்தீர்கள். ஒருவர்கூட வேண்டும் என்று ஏன் சொல்லவில்லை? நோட்டீஸுக்கு ஏன் யாரும் எழுதவில்லை? நீங்கள் எழுதிய கடிதத்தை எங்கள் ஆபீஸில் மூன்று பேரிடம் காட்டினேன். மூவரும் "இவங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லயே" என்றுதான் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வளவு முக்கியமான போன் என்றால் ஏன் வருஷக்கணக்காக ஒருவரும் அதைத் தொடவில்லை? ஆள் பேசியிருந்தால் என்னை அங்கே அனுப்பியிருக்கவே மாட்டார்கள். அது அங்கேயே இருந்திருக்கும்.

நான் ஒரு இயந்திரத்தைப் பார்த்தேன். ஓடவில்லை. எடுக்கச் சொன்னேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும், சொல்லுங்கள்.

பலகையை அடுத்த வாரம் பெயர்க்கச் சொல்கிறேன்.

டேரன் விக்ஸ்


டில்காம்
9 மார்ச் 2009

அன்புள்ள மிஸ்டர் விக்ஸ்,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. மூன்றாம் முறை வரவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எங்களுக்கு இது பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த போனை யாரும் தொடாததற்குக் காரணம், அது எங்களுக்கு அவ்வளவு முக்கியம். வீட்டு லைன் போனால் அது ஒன்றுதான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே சும்மா போய் அதில் பேசி லைனை அடைத்துவைக்கக் கூடாது, நிஜமாகவே அவசரம் உள்ளவருக்குக் காலியாக இருக்க வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. புதிதாக ஊருக்கு வந்த ஒரு குடும்பத்துப் பெண் ஒருமுறை அதில் தன் அக்காவோடு அரை மணி நேரம் பேசிவிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளே இரண்டு நாளில் புரிந்துகொண்டாள்.

நோட்டீஸைப் பூத்துக்குள் ஒட்டியதாகச் சொல்கிறீர்கள். செவ்வாய்க்கிழமைகளில் கண்ணாடி துடைப்பவள் டோரீன். அவளைத் தவிர யாரும் உள்ளே போகமாட்டோம். அவள் படித்துவிட்டு எல்லாரிடமும் சொன்னாள். "யாராவது எழுதுங்களேன்" என்றாள். ஒவ்வொருவரும் வேறொருவர் எழுதியிருப்பார் என்று நினைத்தோம். நான் எழுதியிருப்பேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் எழுதினேன் என்றுதான் நினைத்தேன்.

உங்களுக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் என்னிடம் இல்லை. வரிகள் ஞாபகம் இருக்கின்றன. இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று சிலர் நினைக்கலாம் என்று எழுதினேன். அது என் கத்தல், மிஸ்டர் விக்ஸ். அதைவிடச் சத்தமாக எனக்குக் கத்தத் தெரியாது. இங்கே அதை யார் படித்திருந்தாலும் பயந்துபோயிருப்பார்கள். வெளியே அது கேட்காது என்பது எனக்கு ஐம்பத்துமூன்று வயதில் தெரிகிறது.

இப்போது தினமும் மாலையில் டோரீன் வீட்டுக்குப் போய் அவளுக்கு ஊட்டிவிடுகிறேன். அவள் என்னைப் பார்க்கிறாள். எதற்காகப் பார்க்கிறாள் என்று கேட்க முடியாது.

ஜேனட்


பிரிஸ்டல்
15 மார்ச் 2009

அன்புள்ள மிஸஸ் யெல்லண்ட்,

நீங்கள் உங்கள் கடிதத்தை நினைத்து மனசைப் போட்டுக் குடைந்துகொள்ளாதீர்கள். அது இல்லாவிட்டாலும் நான் எடுக்கச் சொல்லித்தான் இருப்பேன். போன கடிதத்தில் நான் ஒன்றை எழுதாமல் விட்டேன்.

உங்கள் வீட்டு லைன்கள் எல்லாம் குன்றின்மேல் கம்பங்கள் வழியாக வருகின்றன. பூத்தின் கம்பி மட்டும் ஓடைப் பக்கமாகப் பூமிக்கடியில் வருகிறது. அடிமூடியைத் திறந்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பனியில் கம்பம் சாய்ந்தாலும் இது சாகாது என்பது இந்த வேலையில் முதல் வருஷம் படிப்பது. "தனிப் பாதை" என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் பூத் அங்கேயே இருந்திருக்கும். எழுதினால் மேலிடத்தில் கேள்வி வரும், மறுபடி அந்தச் சந்தில் வேன் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். எழுதவில்லை.

டோரீன் வாசல்வரை வந்து சொன்னது இதைத்தான். "அது மட்டும் ஒருநாளும் சாகாது தம்பி, எங்க லைன் எல்லாம் பனி விழுந்தா..." என்று ஆரம்பித்தார். நான், "தெரியும்மா, எல்லாம் தெரியும், நேரமாச்சு" என்று வேன் கதவை மூடினேன். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் இஞ்சினைப் போட்டேன். நீங்கள் அவர் பின்னால் டீ கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தீர்கள். உங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். நீங்கள் மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்.

என் மேலாளரிடம் சோதனை தவறு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பலகையைப் பெயர்க்கும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். ரெஜ் நிற்பதை நீங்கள் இன்னும் கொஞ்ச நாள் பார்க்க வேண்டியிருக்கும். பலகை இருந்தால்தான் பூத்தைத் திருப்பி வைப்பது சுலபம்.

டேரன்


டில்காம்
20 ஜூன் 2009

அன்புள்ள டேரன்,

உங்களை வெளிவேலையிலிருந்து எடுத்து மேசையில் உட்காரவைத்துவிட்டார்கள் என்று போன வாரம் கம்பங்களைச் சரிபார்க்க வந்த ஆட்கள் சொன்னார்கள். நீங்கள் எழுதவில்லை. எங்கள் ஊர்க்காரர் மாதிரி ஆகிவிட்டீர்கள்.

நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. வேன் கதவு, கண்ணாடி, எல்லாம். நான் டீ கெட்டிலை வைத்துவிட்டு அந்தக் கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். விருந்தாளியின் வண்டியைத் தட்டுவது முறையில்லை என்று நின்றேன்.

உங்கள் கடிதத்தில் இருந்ததை ரெஜ்ஜிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் நன்றாயிருக்காது என்று பட்டது. அவர் ஆட்டின் காலைப் பிடித்துக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தார். அதை வெட்டி முடித்தார். பிறகு, "அவன் வந்தா டிராக்டர ஓரமா நிறுத்தணும், சந்து குறுகல்" என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

டோரீன் இப்போது நாற்காலியில் உட்காருகிறாள்.

ஜேனட்


பிரிஸ்டல்
14 செப்டம்பர் 2009

அன்புள்ள ஜேனட்,

சனிக்கிழமை வந்து போனதைப் பற்றி எழுத வேண்டும். உங்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

பூத்தைக் கண்டுபிடித்த கதையைக் கேட்டீர்கள், அவசரத்தில் சொல்லவில்லை. எங்கள் கிடங்குக்குப் பின்னால் இருபது முப்பது கிடக்கின்றன, எல்லாம் ஒரே சிவப்பு. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். உங்களுடையதில் பூச்சாடி ஆணி இருந்தது.

நான் திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்தேன். வழியெல்லாம் பதில் யோசித்துக்கொண்டு வந்தேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருவர் சாண்ட்விச் கொண்டுவந்தார். ஒருவர் மழை வராது என்றார். ரெஜ் ஏணியைப் பிடித்துக்கொண்டார், நான் பூத்தின் மேல்விளக்குக்குக் கம்பி சேர்த்து முடிக்கும்வரை விடவில்லை. "பிடிச்சது போதும், இறங்கிட்டேன்" என்றேன். "சரி" என்றார். அவர் என் மூஞ்சியில் ஒரு குத்து விட்டிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

டோரீன் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மறுபடியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். நான் உள்ளே போகவில்லை. தைரியம் இல்லை.

இப்போது வேலை விஷயம். ஒரு நிபந்தனையோடுதான் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். தனிப் பாதை என்று எழுதியும் பார்த்தாகிவிட்டது. ஒருமுறை எடுத்ததைத் திருப்பி வைக்க அது போதாதாம். ஆள் பேச வேண்டும். வாரா வாரம் பேச வேண்டும். பேசாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி ஒருவனை அனுப்புவார்கள். அவன் என்னைப் போலத்தான் இருப்பான். தயவுசெய்து லைனைக் காலியாக வைக்காதீர்கள். யாருக்காவது போன் செய்யுங்கள். யாரும் இல்லாவிட்டால், இப்போது மணி என்ன என்று இயந்திரம் சொல்லும் எண்ணுக்குச் செய்யுங்கள். சோதனைக்காக என் எண்ணை உள்ளே ஒட்டியிருக்கிறேன்.

டேரன்


டில்காம்
26 அக்டோபர் 2009

அன்புள்ள டேரன்,

நீங்கள் சொன்னபடி செய்ய நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எல்லாரும் பூத்துக்கு முன்னால் வரிசையில் நிற்பது என்று முடிவு. நின்றோம். "நீங்க முதல்ல போங்க" "ஐயோ, நீங்க போங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" "அவசரமில்லாதவங்கதான்யா போகணும், அதுக்குத்தானே நிக்கிறோம்" என்று பேசிக்கொண்டே நின்றதில் முதல் வாரம் ஒருவரும் உள்ளே போகவில்லை. இரண்டாம் வாரம் நான் போய் மணி கேட்டேன். கேட்டுவிட்டு அந்த இயந்திரத்துக்கு நன்றி சொன்னேன். வெளியே எல்லாரும் சிரித்தார்கள். பனிக்குப் பிறகு அந்த இடத்தில் யாரும் சிரித்ததில்லை.

இப்போது பழகிவிட்டது. மாமியாருக்குப் பேசுகிறார்கள், கால்நடை டாக்டருக்குப் பேசுகிறார்கள். ஒவ்வொருவரும் சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே வந்து மன்னிப்புக் கேட்கிறார்கள்.

எல்லாரும் போன பிறகு ரெஜ் டோரீனை நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிறார். முதுகால் கதவைத் தாங்கிக்கொண்டு, எண்ணை அமுக்கி, ரிசீவரை அவள் காதில் வைக்கிறார். ரிசீவரின் இரும்புக் கம்பி நாற்காலிவரை எட்டுவதில்லை, அவள் சாய்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. யாருக்குப் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். "அந்தப் பையனுக்கு" என்றார். என்ன பேசுகிறான் என்றேன். "அது அவளுக்கும் அவனுக்கும்" என்றார்.

கேட்பது தவறுதான். கேட்கிறேன். என்ன பேசுகிறீர்கள்?

ஜேனட்


பிரிஸ்டல்
3 நவம்பர் 2009

அன்புள்ள ஜேனட்,

முதல் ஞாயிறு, "தம்பி, நான் ரெஜ். தொந்தரவு இல்லையே?" என்று போன் வந்தது. இல்லை என்றேன். "டோரீன் பக்கத்துல இருக்கா. பேசமாட்டா, கேப்பா. நீ பேசு." என்ன பேச என்று கேட்டேன். "எனக்கு என்ன தெரியும். எங்க வீட்டுல பேசுறவ அவதான்."

எனக்குப் பேசத் தெரியாது. வேலையைத்தான் பேசத் தெரியும். கம்பி எப்படிச் சேர்ப்பது என்று சொன்னேன். அடுத்த வாரம் என் மேசை வேலை எவ்வளவு மட்டமானது என்று சொன்னேன். அதற்கடுத்த வாரம், கிடங்கில் பூத் தேடியதையும் ஆணியையும் சொன்னேன். அப்போது போனில் டோரீனின் மூச்சு வேகமாக வந்தது. சிரிப்பா அழுகையா, தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். கேட்டால் "பரவாயில்லை" என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை. பரவாயில்லை என்று சொல்லப் பழகிய மனுஷியிடம், அதைச் சொல்ல முடியாதபோது போய்க் கேட்பது என்ன நியாயம். கேட்கவில்லை.

போன ஞாயிறு என்னிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. "டோரீன், அன்னைக்கு வாசல்ல நீங்க ஏதோ சொல்லிக்கிட்டிருந்தீங்க. நான் கேக்கல. இப்ப எனக்கு நேரம் இருக்கு" என்றேன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

காற்றுச் சத்தம் கேட்டது. தூரத்தில் ஒரு ஆடு கத்தியது. ரெஜ்ஜின் பூட்ஸ் சரளைக் கல்லில் நகர்ந்தது. பிறகு ஒரு ஒலி வந்தது. தொண்டையிலிருந்து, நீளமாக, நடுவில் நடுவில் அறுந்து அறுந்து. அதில் சொல் எதுவும் இல்லை. இருந்தாலும் அது எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போனது. அது தானாக முடியும்வரை கேட்டேன்.

ரெஜ் ரிசீவரை வாங்கினார்.

"சரி தம்பி, வைக்கிறேன்" என்றார். "யாருக்காவது அவசரமா இருக்கும்."

ரிசீவருக்கு நீளமான கம்பி ஒன்று செய்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை கொண்டுவருகிறேன். இந்த முறை உள்ளே வந்து உட்காருவேன்.

டேரன்